தோளில் நாலு விரல்

மடியில் வைத்தால் ஆடுகிறது. பெஞ்சில் வைத்தாலும் ஆடுகிறது. சுவரோடு சாய்த்து வைத்தாலோ, மூன்று மூலையும் அடங்கி உட்கார்ந்துகொள்ள, நாலாவது மட்டும் நான் எதுக்கு உட்காரணும் என்கிற மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. கேளு, நல்லாக் கேளு, நம்ம வீட்டில் நீயாவது கேளு என்று குழலி அந்தப் படத்தை மறுபடியும் மடிக்கே எடுத்துக்கொண்டாள். ரத வீதியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. விழுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது, ஆடி மாதத்துத் தென்காசியில் காற்றே பாதி தண்ணீர்தான். ஊர் ஊராக வேன் பிடித்து வந்து இதில் நனைந்து குதித்துவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன தெரியும்? வீட்டுக்குள்ளே உப்பு ஒழுகுவதும் தீப்பெட்டி நமுப்பதும் கதவு நிலையை விட்டு வர மறுப்பதும் இங்கேயே கிடக்கிறவர்களுக்குத்தான் தெரியும். "செத்த இரு பாப்பா, இந்த முருகன மட்டும் முடிச்சிருதேன், நாளைக்குப் பால்காய்ச்சுக்குக் குடுக்கணுமாம்," என்றார் பிரேம் கடை ஆவுடையப்பன் அண்ணாச்சி, உதட்டில் கவ்வியிருந்த ஆணிகளுக்கு நடுவிலிருந்து. பாப்பா. இருபத்துமூன்று வயது, திருநெல்வேலியில் விடுதியில் தங்கி எம்.ஏ. சமூகவியல், போன மாதம்தான் பட்டிமன்றத்தில் எதிரணிக்காரனை மேடையிலேயே தண்ணீர் கேட்க வைத்தவள். இந்த ஊர் எல்லைக்குள் கால் வைத்ததும் பாப்பா. பாப்பா இரு, பாப்பா பேசாத, பாப்பா பெரியவ்வொ பேசும்போது உள்ள போ. மடியில் பழைய வேட்டியில் சுற்றிக் கிடப்பது அவளுடைய அக்கா. உலகம்மாள். செத்து ஒரு வருஷம், நாளைக்குத் தலைத்தெவசம். "சட்டத்த மட்டும் மாத்திட்டு வா. படத்தத் தொடாத, கண்ணாடியத் தொடாத, கடைக்காரர்ட்ட வாயாடாத," என்று அம்மா வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினாள். செய் என்று ஒன்று, செய்யாதே என்று மூன்று. இந்த வீட்டுக் கணக்கு எப்போதும் அப்படித்தான்.

ஒரு வருஷத்தில் ஒரு சட்டம் எப்படிக் கோணும்? அப்பா சொல்லுகிறார், கடைக்காரன் மட்டமான சாமானைப் போட்டு ஏமாற்றிவிட்டானாம். மரத்தூளை அமுக்கிச் செய்த சட்டம்தான், யார் இல்லையென்றது, மலிவாகப் பார்த்து வாங்கினவர் அவர்தானே. ஆனால் பக்கத்துச் சுவரில் தாத்தாவும் இதே தூளுக்குள்தான் இருக்கிறார், கோணவில்லையே. தாத்தாவுக்குப் பிளாஸ்டிக் மாலை. அக்காவுக்குப் பிச்சிப்பூ. காலையில் ஒரு முழம், விளக்கு வைக்கும்போது ஒரு முழம். பூக்காரி ஒரு தடவை தண்ணீர் தெளித்துத்தான் தருவாள், அது போதாதென்று அம்மா சொம்பில் கைவிட்டு இன்னொரு தடவை தெளிப்பாள், சாயந்தரம் வரை வாடக்கூடாதாம். சொட்டச் சொட்டத் தூக்கி மாட்டுவாள். கண்ணாடியில் இறங்கும், கீழ்க்கட்டையில் தேங்கும், கட்டை குடிக்கும். வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பு வேறே. குடித்துக் குடித்துக் கட்டை பொறையை டீயில் முக்கின மாதிரி ஊதிப்போய், மூட்டு விட்டு, மொத்தச் சட்டமும் முறுக்கிக்கொண்டுவிட்டது. அம்மாவே நனைத்தாள், அம்மாவே ஐயோ என் பிள்ளை கோணிட்டாளே என்று அழுதாள். சிரிப்பதா, எதையாவது எடுத்து உடைப்பதா? ஏனென்றால் இதே அம்மாதான், புருஷன் வீட்டிலிருந்து அக்கா திரும்பி வந்து இந்த வீட்டில் இருந்த இரண்டு வருஷமும், பூக்காரி வாசலில் நின்று கூப்பிட்டால் "இன்னைக்கு வேண்டாம்" என்று அக்கா காதில் விழும்படி சொன்னவள். "விட்டுட்டு வந்தவளுக்குப் பூ என்னத்துக்குன்னு நாலு பேரு கேப்பாவட்டி." அந்த நாலு பேரை ஒரு நாளாவது கண்ணில் பார்க்க வேண்டும் என்று குழலிக்கு ஆசை. நாலு நாற்காலி போட்டு உட்காரவைத்து, பெயர் என்ன, தொழில் என்ன, எங்கள் அக்கா தலையில் இருக்கும் பூவுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். வர மாட்டார்கள். நாலு பேர் என்றைக்கும் நேரில் வருவதில்லை. உயிரோடிருந்த தலைக்கு மறுத்த பூவை எல்லாம் சேர்த்துச் செத்த கண்ணாடியின் மேல் தொங்கவிட்டால் சட்டம் தாங்குமா? தாங்கவில்லை. அதற்கு இருந்த ரோஷம்.

"என்ன பிரேம் வேணும் பாப்பா? பைபர்ல போட்டுருவமா, தங்கக் கலரு, பூ வேலப்பாடு, ஆயுசுக்கும் கோணாது," என்றார் அண்ணாச்சி, முருகனுக்குப் பின்னால் அட்டை வைத்து அறைந்துகொண்டே. "ஆயுசு முடிஞ்சவளுக்குத்தான் அண்ணாச்சி," என்றாள். அவர் ஒரு ஆணி அளவுக்கு நிறுத்தி, அவளைப் பார்த்து, மறுபடி அறைந்தார். "நல்லாப் பேசுத. சங்கரலிங்கத்து மகதான? ஒங்கப்பன் வாயத் தொறந்து நான் பாத்ததில்ல." அப்பா கடையில் திறக்க மாட்டார், தெருவில் திறக்க மாட்டார், மாப்பிள்ளை முன்னால் திறக்கவே மாட்டார். சேர்த்துவைத்து வீட்டில் திறப்பார். நேற்று திறந்தார். சட்டத்தைப் பற்றித்தான் ஆரம்பித்தது. அம்மாதான் முதலில் பார்த்தது, மாலையை மாற்றும்போது. மூட்டு விட்டதும் உள்ளே படம் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியிருந்தது. சுற்றிலும் ஓரத்தை மறைக்க வைத்திருந்த வெள்ளை மவுண்ட் அட்டையும் படமும் ஒன்றுக்கொன்று விலகி, இத்தனை நாள் மறைந்து கிடந்த ஓரம் வெளியே வந்திருந்தது. அக்காவின் இடது தோளில் நாலு விரல். நடுவிரலுக்கு அடுத்ததில் மோதிரம். மணிக்கட்டு கிடையாது, ஆள் கிடையாது, விரல்கள் மட்டும், ஏதோ சுவரேறி வருகிறவன் முதலில் கையைப் போட்டுப் பார்ப்பது மாதிரி. அது கல்யாணப் படம். மண்டபத்தில் போட்டோகிராபர் "சார் கொஞ்சம் நெருங்கி, தோள்ல கை போட்டுக்கோங்க" என்று சொல்ல, திருமலைக்குமார் அத்தான் போட்ட கை. அக்கா செத்த அன்றைக்கு ஸ்டூடியோவில் ஆளை வெட்டிவிட்டார்கள், கையை வெட்டினால் தோளும் சேர்ந்து போகும் என்று அட்டையை வைத்து மூடிவிட்டார்கள். ஒரு வருஷமாக அந்தக் கை அங்கேயேதான் இருந்திருக்கிறது. நாம் விளக்கேற்றும்போது, நாம் சாப்பிடும்போது, அட்டைக்குப் பின்னால் அவள் தோளை விடாமல் பிடித்துக்கொண்டு.

அதை நினைத்ததும் குழலிக்குத் தன்னுடைய தோள் கூசியது, துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். எந்தக் கை அது? சங்கரன்கோவிலில் ஒரு வாடகை வீட்டில் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அக்காவை உள்ளே வைத்து வெளியே பூட்டுப் போட்ட கை. அடிக்கவில்லை. அதுதான் பெரிய சிக்கல், அடித்திருந்தால் காட்டுவதற்குத் தழும்பாவது இருந்திருக்கும். குடிக்கவில்லை, வைப்பாட்டி இல்லை, வரதட்சணை கேட்கவில்லை, பூட்டினார், அவ்வளவுதான். "பாதுகாப்புக்குத்தானட்டி பூட்டுதாவ, காலம் கெட்டுக் கெடக்குல்லா," என்றார் அப்பா, அக்கா முதல் தடவை வந்து சொன்னபோது. அக்கா வாதாடத் தெரியாதவள், பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றாலே காய்ச்சல் வந்து படுத்துக்கொள்வாள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்து, "எப்பா, ஆட்டையும் அப்படித்தான் பாதுகாப்பா அடைக்காவ," என்றாள். அதற்கப்புறம் போகவில்லை. போகமாட்டேன் என்று சொல்லவும் இல்லை, போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவள் கழுத்தில் தாலி இல்லை. அம்மா பதறிக் கேட்டதற்கு, "அரிச்சுது, கழட்டி வச்சுட்டேன்," என்றாள். அரிச்சுது. மேடையில் நின்று பெண் விடுதலைக்கு இருபது காரணம் அடுக்கிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள் குழலி, அந்த இருபதும் இந்த ஒரு சொல்லுக்கு முன்னால் நிற்காது. அரிக்கிறது என்கிறவளிடம் என்னவென்று எதிர்வாதம் பண்ணுவது? அரிக்கவில்லை என்றா?

அந்தக் கழுத்தோடு ஒரு படம் இருக்கிறது. குழலியின் செல்லில் இருக்கிறது. மெடிக்கலில் நீலக் கோட்டு, காதில் செருகின பேனா, கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து "ஏட்டி எடுக்காத, மூஞ்சி எண்ண வழியுது, ஏட்டீ" என்று கையை ஓங்கிக்கொண்டு வருகிறாள், வாய் திறந்திருக்கிறது, ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. அழகான படமே இல்லை. உயிரோடிருக்கிற ஒருத்தியின் படம். நேற்று அதைத்தான் அப்பாவிடம் காட்டினாள். புதுச் சட்டம்தானே போடப்போகிறோம், படத்தையும் மாற்றிவிடுவோம் என்று, கோபப்படாமல், குரலை உயர்த்தாமல், பாயிண்டு பாயிண்டாக. அப்பா செல்லைக் கையில் வாங்கக்கூட இல்லை, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். "கழுத்துல ஒண்ணுமில்லாம, அநாதை மாதிரி. வேற வெனையே வேண்டாம்." அக்காவேதானே அப்பா கழற்றினாள் என்றாள் குழலி. "கழட்டினத நீ பாத்த, நான் பாத்தேன். ஊரு பாக்கல. ஊரு பாத்தது பூவும் பொட்டுமாப் போனவள. சுமங்கலியாப் போனா என் மக, அந்த ஒரு கௌரவம்தான் அவ எனக்கு மிச்சம் வச்சிட்டுப் போனது, அதையும் நீ கழட்டப் பாக்கியா?" அது பொய்யில்லையா அப்பா. "பொய்யோ மெய்யோ, சுவரு என்னது. உனக்குன்னு ஒரு வீடு வரும்லா, அப்ப உன் சுவத்துல ஒனக்குப் பிடிச்சத மாட்டு." உனக்கென்று ஒரு வீடு. அக்காவுக்கு வந்ததே, அந்த மாதிரி வீடா? வெளியே ஒரு கொண்டி, அதில் தொங்குகிற ஒரு பூட்டு, உள்ளே நான்கு சுவர், அதில் பிடித்ததை மாட்டிக்கொள்ளலாம். எதிரணிக்காரனைத் தண்ணீர் கேட்க வைத்தவள் அப்பாவுக்கு முன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். இப்போது, ஒரு நாள் கழித்து, பிரேம் கடை பெஞ்சில் பதில்கள் மளமளவென்று வருகின்றன, ஒன்றைவிட ஒன்று கூர்மையாக. சுவர் உங்களுடையது, சரி, அதில் தொங்குகிறவள் யாருடையவள்? இதைக் கேட்டிருக்கலாம். அல்லது இப்படி, சுமங்கலி என்றால் மங்கலமாக இருந்தவள் என்றுதானே அர்த்தம், எந்த நாள் இருந்தாள் சொல்லுங்கள். என்ன பிரயோசனம், நடுவர் எழுந்து போன மேடை.

பூவும் பொட்டுமாப் போனாள். குழலி அதைப் பார்க்க நேரத்துக்கு வந்துவிட்டாள், அதற்கு முந்தினதைப் பார்க்கத்தான் வரவில்லை. "லேசாக் காமாலதான், கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கோம், நீ பரீட்சைய எழுது," என்று அம்மா போனில் சொன்னாள். அக்காவே வாங்கி, "கண்ணு மட்டும் மஞ்சளா இருக்குட்டி, மத்தபடி கலராத்தான் இருக்கேன்," என்று சிரித்தாள். அப்புறம் பேச்சு குழறியிருக்கிறது. பக்கத்து வீட்டு மைனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க என்று கத்தியிருக்கிறாள். அப்பா என்ன செய்தார்? சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டார். "கட்டிக்குடுத்த பிள்ள, அவ்வொட்ட ஒரு வார்த்த கேக்காம நாமளா சேத்து, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நாளைக்கு நம்மளல்லா கேப்பாவ." திருமலைக்குமார் அத்தான் எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. வண்டி பிடித்து வாசலில் நிற்கிறது, டிரைவர் பீடி குடிக்கிறான், உள்ளே பாயில் அக்கா யாரையோ பெயர் மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், முற்றத்தில் அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார், அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுநாள் காலையில்தான் அந்தப் பக்கத்திலிருந்து சரி என்று ஒரு சொல் வந்தது. அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது, அக்கா பிழைக்கவில்லை. அந்த ராத்திரியை நினைக்கும்போதெல்லாம் குழலிக்கு ஒரு பயம் வந்து உட்காரும். கோபத்துக்குக் கீழே எப்போதும் இருக்கிற பயம், கோபம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் தலைகாட்டுகிற பயம்: நாளைக்கு நான் பாயில் கிடந்தால் இவர்கள் யாருக்குப் போன் போடுவார்கள்? எனக்கு இன்னும் ஆள் இல்லை. ஆள் இல்லாததால் உடனே கொண்டுபோவார்களா, இல்லை, கேட்பதற்கு ஆள் இல்லையே என்று கையைப் பிசைவார்களா? அப்புறம் அத்தான் வந்தார். இப்போது எடுத்தார் போனை, இப்போது வந்தார். அத்தைமார் பீரோவுக்குள்ளிருந்து தாலியைத் தேடி எடுத்து அக்கா கழுத்தில் போட்டார்கள். தலையை ஒருத்தி தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அத்தான் அக்கா நெற்றியில் குங்குமம் வைத்தார். அக்கா தலை கொள்ளாமல் பிச்சிப்பூ. தெருப் பெண்கள் முண்டியடித்து, அந்தக் குங்குமத்தில் ஒரு பொட்டு எடுத்துத் தங்கள் தாலியில் ஒற்றிக்கொண்டார்கள், சுமங்கலிப் பிணத்துக் குங்குமம் அவ்வளவு விசேஷம். அரிக்குமே என்று நினைத்தது குழலிக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது, அவளுக்கு அரிக்குமே, கை தூக்கிச் சொறியக்கூட முடியாதே.

"கொண்டா பாப்பா," என்றார் அண்ணாச்சி. முருகன் முடிந்து தாளில் சுற்றப்பட்டிருந்தார். வேட்டியை அவிழ்த்துப் படத்தை மேசைமேல் குப்புறப் போட்டதும் அது ஒரு பக்கம் தூக்கி ஆடியது. "ஏயப்பா, என்ன இப்படி முறுக்கியிருக்கு! குளத்துக்குள்ளயா மாட்டியிருந்திய?" "தெனமும் தண்ணி தெளிச்சு வளத்தோம் அண்ணாச்சி." அவர் சிரித்துக்கொண்டே குறடால் ஆணிகளைப் பிடுங்கினார். துருப்பிடித்த ஆணிகள் கையோடு வந்தன. கீழ்க்கட்டை பிய்ந்து மேசையில் ஈரத்தூளாக உதிர்ந்தது. பின்னட்டையைத் தூக்கினார், ஒரு புழுங்கல் வாடை வந்தது, நனைந்த புத்தகமும் அழுகின பூவும் சேர்ந்த மாதிரி. படத்தின் ஓரத்தை நகத்தால் மெதுவாக எடுத்தார். வந்தது. வந்தது. நின்றுவிட்டது. மறுபக்கத்திலிருந்து எடுத்துப் பார்த்தார், அங்கேயும் ஓர் இடத்தில் நின்றது. கண்ணாடியைப் புரட்டி வெளிச்சத்துக்குக் காட்டி, "சரியாப்போச்சு," என்றார். "என்ன அண்ணாச்சி?" "சட்டம் முறுக்குனதுல கண்ணாடி போயிப் படத்த அமுக்கியிருக்கு. உள்ள ஈரம் வேற. மூஞ்சி மட்டும் கண்ணாடியப் பிடிச்சிட்டு, பசை போட்ட மாதிரி. இனும இழுத்தா மூஞ்சி கண்ணாடியோட வந்திரும், மத்ததெல்லாம் பேப்பரோட நின்னுரும். இழுக்கவே கூடாது. நீ பயப்படாத, அப்படியே கண்ணாடியோட தூக்கிப் புதுச் சட்டத்துல உக்காரவச்சிருதேன். இந்தா தெரியுதுல்லா கை, இது யாரு, மாப்பிள்ளையா? இத மட்டும் அட்டைய நவுத்தி மறச்சிட்டா, ஒரு பயலுக்குத் தெரியாது." ஒரு பயலுக்குத் தெரியாது. இவருக்கும் அதுதான் வேலை, எல்லாருக்கும் அதுதான் வேலை, அட்டையை நகர்த்தி மறைப்பது.

செல் அடித்தது. அம்மா. "மாத்தியாச்சாட்டி?" "மாத்துதாவ." "அந்தக் கை தெரியாமப் போடச் சொன்னியா? மறந்திராத. நாளைக்கு அந்தத் திருமலைக்குமார் தம்பி புதுப் பொண்டாட்டியோட வாராவ. தலைத்தெவசம்லா, அவ்வொதான மணையில உக்காரணும். சுவத்துல கையப் பாத்தா அந்தப் பிள்ளைக்குச் சங்கடமா இருக்கும், நேத்து வந்த பிள்ள, பாவம்." குழலி பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள். அப்படியா சங்கதி. அக்கா தோளிலிருந்து அந்தக் கையை எடுக்கச் சொல்லுவது அக்காவுக்காக இல்லை. "யம்மா, அந்தக் கை தோள்ல கெடந்தா அக்காவுக்குச் சங்கடமா இருக்காதா?" "செத்தவளுக்கு என்னட்டி சங்கடம்?" "அப்ப செத்தவளுக்கு எதுக்குத் தெனமும் பூ போடுதிய?" பட்டென்று வந்துவிட்டது. மேடையில் இந்த இடத்தில் கைதட்டல் எழும். போனுக்குள் ஒன்றும் எழவில்லை. பாத்திரம் உருளும் சத்தம், யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு அம்மா, பக்கத்தில் ஆள் இருக்கும்போது பேசுகிற சின்னக் குரலில், "வேண்டாம்னு சொன்ன வாயி என்னதுதான. போடாம இருக்க முடியல. நான் என்னத்தட்டி செய்ய," என்றாள். கோபத்துக்கு முன்னால் திடீரென்று ஒருத்தி தலை குனிந்து நின்றுவிட்டால் ஓங்கின கையை எங்கே வைப்பது? தெரிந்தே தெளித்திருக்கிறாள். காலையும் மாலையும், சொம்புத் தண்ணீரும் முழப் பூவுமாக, மன்னிப்புக் கேட்டுக் கேட்டுச் சட்டத்தையே ஊறவைத்திருக்கிறாள். இதையாவது, அம்மா, இதையாவது அவள் உயிரோடிருந்தபோது, ஒரே ஒரு முழம். யம்மா என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் போன் கை மாறிவிட்டது. "என்னட்டி, அங்கன வக்கீல் வேல பாத்துட்டு நிக்கியோ?" அப்பா. "ஒண்ணும் யோசிக்காண்டாம். கைய மறச்சு, கழுத்து நல்லாத் தெரியுத மாதிரிப் போட்டு வாங்கிட்டு வா. வாரவ்வொ பாக்கணும்." வைத்துவிட்டார்.

கழுத்து நல்லாத் தெரியுத மாதிரி. முகம் என்று சொல்லவில்லை. மகளுடைய படத்தில் அப்பனுக்குத் தெரிய வேண்டியது கழுத்து. குழலி மேசைக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் அக்கா. கல்யாணத்தன்று மூன்று மணிக்கே எழுப்பி உட்காரவைத்த தூக்கம் கண்ணில், பவுடர் காதோரம் திட்டாக, போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னதால் வந்த ஒரு சிரிப்பு, அது கண் வரைக்கும் போய்ச் சேரவில்லை. இதுவும் அக்காதான். மேக்கப் போட்டாலும், இந்தப் பொய்க்குள்ளே வைத்தாலும், இது அந்த மூக்கு, அந்தப் புருவத்துக்கு மேல் சின்னம்மை வடு. இதைப் போய் எப்படி? விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. தங்கக் கலர் பைபர் சட்டம், ஆயுசுக்கும் கோணாது. நாளைக்கு அவர் வந்து மணையில் உட்காருவார், புதுப் பெண்டாட்டி படத்துக்குக் கும்பிடு போடுவாள், கை அட்டைக்குப் பின்னால் போய்த் தோளைப் பிடித்துக்கொள்ளும், அப்பா கழுத்தைக் காட்டுவார், வருகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், குடுத்து வச்ச மகராசி. அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம். அரிச்சுது என்று சொன்ன ஒருத்தி இருந்ததே இல்லை என்றாகிவிடும். அவளை எரித்தது ஒரு பொழுது, இவர்கள் அழிப்பது வருஷா வருஷம். "அண்ணாச்சி, இழுத்தா மூஞ்சி மட்டும்தான் கண்ணாடியோட வருமா?" "ஆமா பாப்பா, அதான் சொல்லுதேன், இழுக்கப்படாது." "கழுத்து?" "கழுத்து ஒட்டல. தாடைக்குக் கீழ நல்லாத்தான் இருக்கு. ஏன் கேக்க?" "இழுங்க." அண்ணாச்சி குறடைக் கீழே வைத்தார். "என்ன புள்ள கோட்டித்தனமாப் பேசுத. செத்த பிள்ள மூஞ்சிய உரிக்கச் சொல்லுதியா என்ன? நாளைக்குத் தெவசத்த வச்சுக்கிட்டு? நானும் பொம்பளப் பிள்ள பெத்தவன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"அப்ப தள்ளுங்க," என்றாள். ஒரு கையால் கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், குளிர்ந்து கிடந்தது. மற்றொரு கையால் அந்த நாலு விரல் இருக்கிற மூலையைப் பிடித்தாள், பிடிப்பதற்கு அதுதான் வாகாக இருந்தது. மோதிரத்தின் மேலேயே அவள் பெருவிரல் விழுந்தது. இழுத்தாள். தோள் வந்தது. பட்டுச் சேலை வந்தது. அட்டிகை, தாலிச் சரடு, எல்லாம் நல்ல பிள்ளைகளாகத் தாளோடு வந்தன. தாடையில் போய் நின்றது. அண்ணாச்சி, "ஏ பாப்பா," என்றார், கண்ணை மூடிக்கொண்டாரா என்று அவள் பார்க்கவில்லை. எக்கா, சித்த பொறுத்துக்கோ என்றாள் உள்ளுக்குள். இழுத்தாள். புண்ணில் ஒட்டின துணியைப் பிடுங்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், நீளமாக, நெற்றி வரைக்கும்.

தாள் கையோடு வந்துவிட்டது. அதில் எல்லாம் இருந்தது. பட்டும் மாலையும் அட்டிகையும், நல்லாத் தெரிகிற கழுத்தும், கழுத்தில் தொங்குகிறதும், தோளில் நாலு விரலும். முகம் இருந்த இடத்தில் வெள்ளையாகத் தாள் பிசிறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அக்கா முகம் மட்டும் நின்றது, தாடைக்குக் கீழே ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை, கண்ணாடி வழியாக மேசை தெரிந்தது, மேசையில் கிடந்த துரு ஆணி தெரிந்தது. குழலி அதைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். முகத்துக்குக் கீழே ரத வீதி ஓடியது, ஒரு சைக்கிள் நனைந்துகொண்டே போனது, எதிர்க்கடைக்காரன் படுதாவை இழுத்துக் கட்டினான். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. துப்பட்டாவைக் கழற்றிக் கண்ணாடியை இரண்டு சுற்றுச் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஆடவில்லை, தட்டையாக ஒட்டி உட்கார்ந்தது.

அண்ணாச்சி அந்தத் தாளை இரண்டு விரலால், படக்கூடாத எதையோ பிடிக்கிற மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரி, உன் அக்கா, உன் இஷ்டம். இத என்ன செய்ய? கிழிச்சுப் போட்டுரவா?"

"கிழிக்காதிய," என்றாள் குழலி, படி இறங்கிக்கொண்டே. "நல்ல தங்கக் கலர் சட்டமாப் பாத்துப் போட்டு வைங்க. கை தெரிஞ்சா தெரியட்டும். எங்கப்பா வந்து வாங்கிக்கிடுவாவ."